கடை போலியா என்று பார்ப்பதற்கு முன்னால், காசு எந்த வழியில் போகிறது என்று பாருங்கள்

புதிதாக வெளிநாட்டுக்கு வந்து இறங்கிய யாராவது ஒரு லிங்க்கை அனுப்பி "இந்த வெப்சைட்டை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டால், அதைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எதில் பணம் கட்டப் போகிறீர்கள்? கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா, இல்லை நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்களா? கடை நல்ல கடையா என்று கேட்டால் இவர் எதற்குக் கார்டைப் பற்றிப் பேசுகிறார் என்று பலருக்கும் தோன்றும். காரணம் இருக்கிறது. போலிக் கடையைக் கண்டுபிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் என்றாவது ஒருநாள் கண் தவறும். அன்றைக்குப் பணம் திரும்பி வரக்கூடிய வழியில் கட்டியிருந்தால் சில வார எரிச்சலோடு முடியும். திரும்ப வராத வழியில் கட்டியிருந்தால் போனது போனதுதான்.

சொந்த நாட்டில் இருக்கும்போது நமக்குத் தெரியாமலேயே நிறைய விஷயம் தெரிந்திருக்கும். எந்தக் கடை உண்மையிலேயே இருக்கிறது, தபால் துறை எப்படித் தகவல் அனுப்பும், வங்கியிலிருந்து பேசுகிறவர் எந்த மாதிரி பேசுவார் என்பதெல்லாம் பழக்கத்தில் வந்தது. இடம் மாறியதும் அது அத்தனையும் கழன்றுபோகிறது. கூரியர் நிறுவனத்தின் பெயரே புதிதாக இருக்கும்போது, அந்தப் பெயரில் வந்த குறுஞ்செய்தி சரியானதா போலியா என்று எதை வைத்துச் சொல்வது? இதில் வந்த புதிதில்தான் வாங்க வேண்டியவையும் அதிகம். மெத்தை, குளிர் உடுப்பு, நாற்காலி, போன் என்று எல்லாமே அவசரம், எல்லாமே ஆன்லைன்.

மொழியும் நம்மைக் கைவிடுகிறது. ஜெர்மனியிலோ நார்வேயிலோ இருக்கும் ஒருவர், அந்த ஊர் மொழி இன்னும் கைவராததால் கடைப் பக்கத்தை பிரவுசரின் மொழிபெயர்ப்பில் படிக்கிறார். அந்த மொழிக்காரர் படித்தால் ஒரே வரியில் "இது யாரோ மெஷினில் போட்டு எழுதியது" என்று பிடித்துவிடுவார். நாம் படிக்கும்போது அந்தக் கோணல் எல்லாம் மொழிபெயர்ப்பிலேயே கழுவப்பட்டு, நல்ல கடையும் கெட்ட கடையும் ஒரே குரலில் பேசுகின்றன. அதனால் "எழுத்துப்பிழை இருந்தால் உஷாராக இருங்கள்" என்ற பழைய அறிவுரை வெளிநாட்டில் பாதிதான் உதவும். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துப் பிழையில்லாமலே எழுதிவிடுகிறார்கள், ஆகவே அந்தப் பாதியும் போய்க்கொண்டிருக்கிறது.

பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். அந்தப் பூட்டு சொல்வது, உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை மூன்றாமவர் படிக்க முடியாது என்பதை மட்டும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் திருடரா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பூட்டு வருவதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன, மோசடிக்காரரும் சில நிமிடத்தில் வாங்கிவிடலாம். மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே கூகுள் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

சரி, ஒரு போலிக் கடை எப்படி இருக்கும்? சமூக ஊடகத்தில் விளம்பரமாக வரும். ஒரு நகரத்தின் பெயரோடு சேர்ந்த அழகான பெயர், வயதான தம்பதி பட்டறையில் நிற்கிற ஒரு படம், "இத்தனை வருடம் ஆதரவு தந்ததற்கு நன்றி, கனத்த மனதோடு கடையை மூடுகிறோம், இருப்பு தீரும் வரை 80 சதவீதத் தள்ளுபடி" என்று ஒரு கடிதம். படத்தில் இருக்கும் தம்பதி பெரும்பாலும் கணினி வரைந்த ஆட்கள். இந்த மாதிரிப் பக்கம் கண்ணில் பட்டால், பொருள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராகக் கீழே போய்த் திருப்பி அனுப்பும் விதிகளைப் படியுங்கள். கடை இருப்பதாகச் சொல்வது லண்டன் அல்லது டப்ளின் என்று இருக்கும், ஆனால் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி வேறொரு கண்டத்தில் இருக்கும், அனுப்பும் செலவும் உங்களுடையது என்று இருக்கும். பல நேரம் முகவரியே இருக்காது, ஒரு மின்னஞ்சல் மட்டும்தான். அந்த ஒரு பத்தியில் கடையின் மொத்த ஜாதகமும் இருக்கிறது.

அதற்கப்புறம் அந்தத் தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று பாருங்கள். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால் பதிவான தேதி வந்துவிடும், கட்டணம் எதுவும் இல்லை. பல வருடமாகக் குடும்பத்தொழில் நடத்துவதாகச் சொல்லும் கடையின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. பொருளின் படத்தையே தேடுபொறியில் போட்டு, அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினாலும் அதே படம் நாலைந்து கடையில் நாலைந்து பெயரில் கிடைக்கும்.

நாட்டுக்கு நாடு சில நல்ல கருவிகளும் இருக்கின்றன, வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை. ஜெர்மனியில் வணிகத் தளங்கள் தங்கள் பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாவற்றையும் "இம்ப்ரெஸும்" என்ற பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்குள்ள நுகர்வோர் மையங்கள் நடத்தும் ஃபேக்ஷாப்-ஃபைண்டரில் கடையின் முகவரியை ஒட்டினால் சந்தேகம் உண்டா என்று சொல்லும். பிரிட்டனில் எந்த நிறுவனத்தையும் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: போலிக் கடைக்காரர்கள் நிஜ நிறுவனத்தின் பதிவு எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்கிறார்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்த எண்ணுக்குரிய நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, அதன் சொந்தத் தளம் இதுதானா என்றும் பார்க்க வேண்டும். செருப்பு விற்கும் கடையின் எண்ணைத் தேடினால் கணக்குத் தணிக்கை அலுவலகம் வந்து நிற்கும்.

இவ்வளவு பார்த்தும் தவறலாம் என்பதால்தான் பணத்தைப் பற்றி முதலில் கேட்கிறேன்.

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கி, அது வராமல் போனாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ, விற்றவரோடு சேர்த்துக் கார்டு கொடுத்த நிறுவனமும் உங்களுக்குப் பொறுப்பு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தால்கூட முழுத் தொகைக்கும் கேட்கலாம். கடை வேறு நாட்டில் இருந்தாலும் இது பொருந்தும் என்று 2007இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையே தீர்ப்பளித்திருக்கிறது. நடுவில் வேறொரு பணப்பட்டுவாடா நிறுவனம் நுழைந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகலாம், அதனால் பெரிய தொகையாக இருந்தால் கார்டு எண்ணை நேராகக் கடையிலேயே கொடுத்துக் கட்டுவது நல்லது.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக் கட்டணத் தகராறுக்கான சட்டமும் 1974இல் வந்ததுதான். பிரச்சினை இருக்கிற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் கார்டை யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டால் கிரெடிட் கார்டில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் கதை வேறு. இரண்டு வேலைநாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 டாலர் வரை, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளைத் தாண்டியும் சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு போனது முழுவதும் உங்கள் தலையில் விழலாம். அதோடு டெபிட்டில் போவது உங்கள் சொந்தப் பணம். விசாரணை முடியும் வரை வாடகைக்கு என்ன செய்வது?

வந்த புதிதில் கிரெடிட் கார்டு கிடைக்காது, அது எனக்குத் தெரியும். அந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாதவருக்குச் சட்டென்று யாரும் தரமாட்டார்கள். அதுவரைக்கும் ஆன்லைன் வாங்குவதற்கென்றே தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வாங்கப் போகும்போது மட்டும் அதில் தேவையான தொகையை மாற்றுங்கள். சம்பளம் வரும் கணக்கின் கார்டு எந்தக் கடைத் தளத்திலும் ஏறவே வேண்டாம். இப்போது பல வங்கிச் செயலிகளில் ஒருமுறை மட்டும் பயன்படும் மெய்நிகர் கார்டு எண் தருகிறார்கள், அதுவும் நல்ல வழி.

டெபிட்டாக இருந்தாலும் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் சொந்த விதிப்படி "சார்ஜ்பேக்" கேட்க முடியும். பொருள் வரவில்லை, வந்தது வேறு பொருள் என்றால் வங்கி வழியாகக் கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்பது. இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. இந்தக் கெடுவை நீங்கள் அறிந்திருக்கிறீர்களோ இல்லையோ, மோசடிக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர் உங்களோடு சண்டையே போடமாட்டார். "தாமதத்துக்கு வருந்துகிறோம், சுங்கத்தில் நிற்கிறது, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று மிக மரியாதையாக எழுதுவார், இரண்டு வாரம் கழித்து அதையே வேறு வார்த்தையில் எழுதுவார். நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் குளிர்காலக் கோட்டு ஒன்றை ஆர்டர் செய்தார். வந்தது ஒரு சின்ன உறை, உள்ளே மெல்லிய துணியில் ஒரு கழுத்துப்பட்டை. ட்ராக்கிங்கில் பார்த்தால் "டெலிவரி ஆகிவிட்டது" என்று பச்சையில் இருக்கிறது. அந்த உறையை அனுப்பியதே அந்த ஒரு வரிக்காகத்தான். அவர் கோபத்தில் வங்கியிடம் "பொருள் வரவில்லை" என்று புகார் எழுதப் போனார். அப்படி எழுதியிருந்தால் கடைக்காரர் ட்ராக்கிங் எண்ணைக் காட்டிப் புகாரை அடித்துவிட்டிருப்பார். "வந்தது நான் வாங்கிய பொருள் அல்ல" என்று மாற்றி எழுதச் சொன்னோம். உறையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எடை போட்டிருந்தது, கோட்டு ஒன்றின் எடைக்குப் பக்கத்தில்கூட வராத எடை. அந்தச் சீட்டைப் படம் எடுத்து, ஆர்டர் செய்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்துக் கொடுத்தார். இதற்கு நடுவில் கடையிலிருந்து பேரம் வேறு: பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் திருப்பித் தருகிறோம். மறுத்தால் 30, அதற்கப்புறம் 45. இந்தப் பேரத்துக்கு ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால் விஷயம் சமாதானமாக முடிந்தது என்று அவர்கள் வங்கியிடம் காட்டிவிடுவார்கள். அவர் எந்தக் கட்டத்திலும் சரி என்று சொல்லவில்லை. முழுப் பணமும் வந்தது, இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

இங்கே நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சொந்த நாட்டு வங்கியின் கார்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வாங்கினால், நீங்கள் இருக்கும் நாட்டின் கார்டுச் சட்டம் உங்களோடு வராது. பிரிட்டனில் வசிப்பதால் மட்டும் 75ஆம் பிரிவு கிடைத்துவிடாது, கார்டும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தகராறு என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் போக வேண்டும், நேர வித்தியாசம் வேறு, பதிவு செய்த பழைய போன் எண்ணை ரத்து செய்திருந்தால் அவர்கள் அனுப்பும் ஓடிபிகூட வராது. பழைய கார்டைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸெல், சிங்கப்பூரில் பேநவ், கனடாவில் இன்டராக் இ-ட்ரான்ஸ்ஃபர், இவையெல்லாம் முக்கியமாகத் தெரிந்தவர்களுக்குள் பணம் அனுப்புவதற்கு. முன்பின் தெரியாதவரிடம் பொருள் வாங்க இவற்றில் அனுப்பினால் ரொக்கத்தைக் கையில் கொடுத்தது போலத்தான். பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்று போட்டு அனுப்பச் சொல்லும் விற்பனையாளர் கட்டணம் மிச்சம் என்பார். அந்த வகையில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது, "பொருள், சேவை" என்ற வகையில் கட்டினால் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வங்கிப் பரிமாற்றம் செய்தவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, பெரிய ஆறுதல்தான். ஆனால் அது அந்த நாட்டுக்குள் இருக்கும் கணக்குகளுக்கு இடையில் மட்டும், வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியதற்கு இல்லை. நம்மைப் போன்றவர்கள் எல்லை தாண்டி அனுப்புவது அதிகம் என்பதால் இதைக் கவனமாகப் படித்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்போது வங்கிச் செயலி "நீங்கள் போட்ட பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தவில்லை" என்று காட்டினால், அது ஏதோ கணினிக் கோளாறு என்று தாண்டிப் போகாதீர்கள். பிரிட்டனில் 2020 முதலும் யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதலும் இந்தப் பெயர்ச் சரிபார்ப்பு நடக்கிறது. விற்பனையாளர் "அது என் கணக்காளரின் பெயர், பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லச் சொன்னால் அது மோசடி, இதில் விதிவிலக்கே இல்லை.

அடுத்து பார்சல் செய்தி. "உங்கள் பார்சலுக்குச் சுங்கக் கட்டணம் பாக்கி, 24 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்." தொகை மிகச் சின்னதாக இருக்கும், யோசிக்கவே தோன்றாத அளவுக்கு. இதை நம்பிவிடுகிறவர்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் வெளியிலிருந்து வரும் எவ்வளவு சின்னப் பார்சலுக்கும் வரி உண்டு, அமெரிக்காவிலும் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் கடைசியில் எல்லா நாட்டுக்கும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, நிஜ கூரியர்காரர்களும் நிஜமாகவே இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள். சொந்த ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சலுக்குக் காத்திருப்பவருக்கு இந்தச் செய்தி வந்தால் அவர் கட்டத்தான் செய்வார்.

அந்த லிங்க்கை உற்றுப் பாருங்கள். "யுஎஸ்பிஎஸ் டாட் காம்" என்று அமெரிக்கத் தபால் துறைத் தளத்தின் நிஜப் பெயர் முதலில் வரும், ஆனால் அங்கே முடியாது. காம் என்பதற்கு அடுத்து ஒரு சின்னக் கோடு, அதன்பின் "ட்ராக்" என்று ஒரு சொல், அதன்பின் "டாட் டாப்" என்று ஒரு முடிவு. கண் இடமிருந்து வலமாகப் படித்து, தெரிந்த பெயரைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறது. முகவரியின் உரிமையாளர் யார் என்பதைத் தீர்மானிப்பது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் துண்டு. மேலே சொன்னதில் அது "காம்-ட்ராக் டாட் டாப்" என்ற யாருடையதோ ஒரு தளம், தபால் துறைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்கத் தபால் துறை நீங்கள் கேட்காமல் குறுஞ்செய்தியே அனுப்புவதில்லை, அனுப்புகிற செய்தியில் லிங்க் வைப்பதும் இல்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். எந்த நாடாக இருந்தாலும் ஒரே வழி: செய்தியில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, பொருளை அனுப்பியவர் கொடுத்த ட்ராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கே காட்டும்.

இந்தச் செய்திகளில் பயப்பட வேண்டியது அந்தச் சின்னத் தொகைக்கு அல்ல. அந்தப் பக்கத்தில் கார்டு எண்ணைப் போட்டதும் "உங்களுக்கு வந்த ஓடிபியைக் கொடுங்கள்" என்று கேட்கும், வங்கியிலிருந்து நிஜமாகவே ஓடிபி வரும், கொடுத்துவிடுவோம். அந்த ஓடிபி வந்தது கட்டணத்துக்காக இல்லை. அந்த நேரத்தில் வேறெங்கோ ஒருவர் தன் போனில் இருக்கும் ஆப்பிள் பே அல்லது கூகுள் வாலட்டில் உங்கள் கார்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஏறிவிட்டால் அவர் கடைகளில் போனைத் தட்டித் தட்டி வாங்கிக்கொண்டே போகலாம். வங்கி அனுப்பும் செய்தியில் பல நேரம் "இந்தக் கார்டை ஒரு போனில் சேர்க்க" என்று எழுதியே இருக்கும், நாம் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வரியைப் படிப்பதில்லை. ஓடிபி வந்தால் எண்ணுக்கு முன்னால் அந்த வாக்கியத்தைப் படியுங்கள். எதற்கு என்று எழுதியிருக்கிறது, எவ்வளவு தொகை, யார் பெயர்.

நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களைப் பற்றிச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்நிய இடத்தில் நம் மொழியில் ஒருவர் பேசினாலே நம்பிக்கை வந்துவிடுகிறது. மோசடிக்காரருக்கும் அது தெரியும். விடுமுறைக்கு முன்னால் "மலிவு விலையில் விமான டிக்கெட்" என்று ஒருவர் தமிழில் பதிவு போடுவார், கீழே "நான் வாங்கினேன், நல்ல சேவை" என்று நாலு பேர். பணம் அனுப்பியதும் ஆறு எழுத்து முன்பதிவு எண் வரும். விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர், தேதி, விமானம் எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்குமேல் என்ன சந்தேகம் என்று நிம்மதியாகிவிடுவோம். ஆனால் அந்த எண் இடம் பிடித்து வைத்திருப்பதைத்தான் காட்டுகிறது. பணம் கட்டாமலே சில நாள் இடத்தைப் பிடித்து வைக்க முடியும், கெடு முடிந்ததும் தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் நிஜமாக வெட்டப்பட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துக்குரிய குறியீடு. அதை வாங்கி விமான நிறுவனத்துக்கே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். திருடிய கார்டில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால் எண் சரியாக இருந்தும் பின்னால் ரத்தாகும் வாய்ப்பு உண்டு, ஆகவே பதிவு பெற்ற முகவர், கார்டில் கட்டும் வசதி இரண்டும் இல்லாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்தில் போய் நின்ற பிறகு இது தெரியவந்தால், அந்த நேரத்து டிக்கெட் விலையை யாரால் தாங்க முடியும்?

பழைய பொருள் வாங்குவதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரில் பாருங்கள், இயக்கிப் பாருங்கள், அங்கேயே பணம் கொடுங்கள். விற்கும்போதுதான் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: "கூரியரை நானே அனுப்புகிறேன், பணம் பெற இந்த லிங்க்கில் உங்கள் கார்டு விவரத்தைப் போடுங்கள்" என்பார்கள். உங்களுக்குப் பணம் வர உங்கள் கார்டின் பின்பக்க மூன்று இலக்கம் யாருக்கும் தேவையில்லை.

அப்படியும் மாட்டிக்கொண்டால் முதல் வேலை வங்கிக்குப் போன், கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு. கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள், அங்கே விளம்பரமாகப் போலி எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. அப்புறம் விளம்பரம், ஆர்டர் பக்கம், மின்னஞ்சல், ட்ராக்கிங் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்தத் தளம் சில வாரத்தில் காணாமல் போய்விடும்.

புகார் கொடுக்க நம்மவர்கள் தயங்குகிறார்கள். விசா பாதிக்குமோ, போலீஸ் என்றாலே வம்போ என்று மாணவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டவர், குற்றம் செய்தவர் அல்ல, தயங்காமல் கொடுங்கள். சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்காம்ஷீல்ட் எண்ணுக்கு, பணம் போவதற்கு முன்னாலேயே சந்தேகம் கேட்கக்கூட அழைக்கலாம். ஆஸ்திரேலியாவில் ஸ்காம்வாட்ச், கனடாவில் கனடிய மோசடித் தடுப்பு மையம், அமெரிக்காவில் எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையத்தின் புகார்த் தளமும், எஃப்பிஐ நடத்தும் ஐசி3 என்ற இணையக் குற்றப் புகார் மையமும் இருக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சந்தேகக் குறுஞ்செய்தியை 7726 என்ற எண்ணுக்கு அப்படியே அனுப்பிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டு நிஜக் கடையோடு தகராறு என்றால் ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இலவசமாக உதவுகின்றன. அங்கே ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு, பெரும்பாலான பொருளுக்கு. கடையும் நீங்களும் வேறு வேறு நாடு என்றால் ஈகன்ஸ்யூமர் என்ற தளம் இருக்கிறது, பல நாட்டு நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து 2001 முதல் நடத்துவது. அங்கே கொடுத்தால் உங்கள் பணம் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் தனிப்பட்ட வழக்கை எடுத்து நடத்துவதில்லை. பல நாட்டுப் புகார் ஒரே இடத்தில் சேரும்போது அந்தக் கும்பலைப் பிடிக்க உதவுகிறது, அதற்காகக் கொடுங்கள்.

புகார் கொடுத்த சில நாளில் அல்லது சில வாரத்தில் யாராவது உங்களைத் தேடி வரலாம். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள்" என்று, சில நேரம் வக்கீல் என்றும் சில நேரம் காவல்துறை என்றும் சொல்லிக்கொண்டு. எவ்வளவு தொகை போனது, எந்தக் கடையில் போனது என்பதெல்லாம் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கும்பல்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கின்றன. பேச்சை வளர்க்காமல் வைத்துவிட்டு, அந்த எண்ணையும் அழைத்த நேரத்தையும் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துவிடுங்கள்.